அத்தையின் மூக்கு

என் அப்பாவின் அக்காவுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் மூக்கு. பெரிய மூக்கும் அல்ல, எடுப்பான மூக்கும் அல்ல. கொஞ்சம் சப்பையாகவே இருக்கும். ஆனால் கட்டிவைத்த சாக்குக்கு வெளியே நின்றபடியே உள்ளே இருக்கும் மிளகு போன வருடத்தது என்று சொல்லிவிடும். எதிர்வீட்டு அடுப்பில் வெந்தயம் ஒரு நிமிடம் கூடுதலாக வறுபட்டால், கடையில் உட்கார்ந்தபடியே "போச்சு, எறக்கு" என்று குரல் கொடுப்பாள். "கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த வீட்டுக்காரி இறக்குவாள்.

இருபத்திரண்டு வருடம் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் சரக்குத் தரம் பார்த்துவிட்டு, பிறகு வீட்டின் முன்னறையைக் கடையாக்கினாள். மூன்று சுவரிலும் தகர டப்பாக்கள். பின்னறையில் அரைக்கும் இயந்திரம். அது மாமாவின் ராஜ்ஜியம். சமையலுக்கும் அதே டப்பாதான், வைத்தியத்துக்கும் அதே டப்பாதான். ஓமம் வாங்க வருபவரிடம் ரொட்டிக்கா, வயிற்றுக்கா என்று கேட்பாள். ரொட்டிக்கு என்றால் அள்ளிப் போடுவாள், வயிற்றுக்கு என்றால் கிள்ளித்தான் போடுவாள். ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் சாய்ந்த கையெழுத்தில் எதற்கு, எப்படி என்று எழுதி, கடைசியில் 'கொஞ்சமாக' என்று முடிப்பாள். கிராம்பு, பல்வலிக்கு, கொஞ்சமாக. ஜாதிக்காய், தூக்கத்துக்கு, ரொம்பக் கொஞ்சமாக. சளியில் ரத்தம் வருகிறது என்று ஒருவர் திப்பிலி கேட்டு வந்தபோது, "இங்க எதுக்கு நிக்கறீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று விரட்டி அனுப்பியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். எட்டாம் நாள் எழுந்து கடைக்கு வந்து சீரக டப்பாவைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பட்டை டப்பாவைத் திறந்தாள், பிறகு ஏலக்காய், பிறகு பெருங்காயம். பெருங்காய டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்த மாமா, மயக்கம் வந்துவிட்டதோ என்று ஓடிவந்து தோளைப் பிடித்தாராம்.

மாமாவின் மூக்கு அவளுக்கு உதவாது. முப்பது வருட மிளகாய்த் தூள் அதை என்றைக்கோ தின்றுவிட்டது. "இந்த வீட்ல மூக்கு ரெண்டு இருக்கு, ரெண்டும் கண்ணாடி மாட்டத்தான்" என்று அவள் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான், அவள் சிரிக்கவில்லை என்பது உறைத்தது.

என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், நான் வெளிநாட்டில் இருக்கிறேன். "உங்கிட்ட சொன்னா சுவத்துகிட்ட சொன்ன மாதிரி" என்றாள். வீட்டிலிருந்து போன் வந்தால் யார் என்று பார்ப்பதற்கு முன் அங்கே மணி என்ன என்று கணக்குப் போடுகிற ஆள் நான். அன்று முழுக்க அதைப் பற்றியே தேடிப் படித்தேன். நான் படித்த இன்னொரு மொழியில் இந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னேன். "பேரெல்லாம் இருக்கா? அப்ப நெறைய பேருக்கு வந்திருக்கு" என்று சற்று ஆறுதலாகச் சொன்னாள். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றேன். கடையைக் கொஞ்ச நாள் மூடலாமே, இல்லையென்றால் வருபவர்களிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

"கண்ணு தெரியாதவ வண்டி ஓட்டறான்னு சொல்ல வர்றே."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் போன் பண்ணுவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

அவள் சமாளித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டையை ஒடித்துச் சத்தத்தைக் கேட்டாள். கிராம்பின் தலையை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தாள். மிளகைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்தெறிந்தாள். மிச்சத்துக்கு நாக்கு இருந்தது. வாசனை போனாலும் இனிப்பும் கசப்பும் உறைப்பும் நாக்கில் மிச்சம் இருந்தன. ஆனால் நாக்கில் வைத்துப் பார்ப்பதை ஆட்கள் முன்னால் செய்ய மாட்டாள். மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறையில், மாமா மட்டும் பார்க்கச் செய்வாள். மூக்கு என்று பெயரெடுத்தவள் சரக்கை நக்கிப் பார்க்கிறாள் என்றால் தெரு என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படி ஏழு மாதம் ஓடியது.

வழக்கமாகச் சரக்குக் கொண்டுவருபவர் கால் உடைந்து படுத்துவிட்டதால், அந்த மாதம் புது ஆள் ஒருவர் மூட்டைகளோடு வந்தார். காலை பதினொரு மணி, கடையில் நான்கு பேர். டப்பாவில் அன்னாசிப்பூ தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புது ஆள் அன்னாசிப்பூ மூட்டையின் வாயை அவிழ்த்தார். அத்தை ஒரு பூவை எடுத்தாள். எட்டு இதழ், நட்சத்திரம் மாதிரி. ஓர் இதழை ஒடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, எப்போதும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாளோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டினாள்.

"எறக்குங்க."

"அக்கா மூக்கு சொல்லிட்டா அப்பீல் இல்ல" என்று புது ஆளும் சொன்னார். அவர் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது.

மத்தியானம் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் மூட்டை இறங்கிப் பத்து நிமிடத்தில், நான்கு வீடு தள்ளியிருந்த தையல்காரி மூன்று மாதக் குழந்தையோடு வந்து நின்றாள். விடியற்காலையிலிருந்து வயிறு உப்பிக் கத்துகிறதாம். மூத்தவனுக்கு இப்படி இருந்தபோது அத்தைதான் அன்னாசிப்பூ கொடுத்திருந்தாள். "அதே பூவைக் குடுங்க பெரியம்மா" என்றாள். குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அலறியது. அப்புறம் வா என்று அத்தைக்கு வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இப்போதுதான் நான்கு பேர் முன்னால் முகர்ந்து பார்த்துத் தலையாட்டியிருக்கிறாள். மூன்று பூவைப் பொட்டலம் கட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஓர் இதழ், ஆறியபின் கால் ஸ்பூன் என்று எழுதி, கீழே 'கொஞ்சமாக' என்று கோடு போட்டுக் கொடுத்தாள்.

மூன்று மணி ஆவதற்குச் சற்று முன்னால் பின்னறையில் ஓர் இதழை வாயில் போட்டாள். அன்னாசிப்பூ இனிக்க வேண்டும். கசந்தது. துப்பிவிட்டு வேறொரு பூவிலிருந்து இன்னொரு இதழ். அதுவும் கசந்தது. மாமாவின் வாயில் ஒன்றைத் திணித்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். கசக்கிறது என்றார். பார்வைக்கு அன்னாசிப்பூ போலவே இருக்கும் விஷக்காய் ஒன்று உண்டு. கிடங்கில் இருந்த காலத்தில் இரண்டு முறை அதை வாசனையை வைத்தே பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவள் செருப்பு மாட்டவில்லை. நாற்பது வருடத்தில் அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன் என்றார் மாமா.

தையல்காரி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தையல் இயந்திரத்தின் ஊசியில் பாதித் துணி மாட்டியபடி நின்றது. அடுப்பின்மேல் ஒரு சின்னப் பாத்திரத்தில் ஆறிப்போன தண்ணீர். அதில் இரண்டு முழுப் பூக்கள் மிதந்தன. குழந்தைக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். அத்தை அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், காய்ச்சல் இருந்ததா, எங்காவது விழுந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெறும் பூத்தண்ணிதான் கொடுத்தேன், வேறெதுவும் இல்லை என்று தையல்காரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது நான் குடுத்தது. இது வேற காய், விஷம். எனக்கு வாசனை போயி ஏழு மாசம் ஆச்சு."

டாக்டர் காதில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். இந்த முறை வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

தையல்காரி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "அப்ப காலைல மோந்து பாத்தீங்களே பெரியம்மா. நான் வரும்போது எல்லாரும் அதைத்தானே பேசிட்டிருந்தாங்க."

"சும்மா பாத்தேன்" என்றாள் அத்தை.

சாயங்காலத்துக்குள் இழுப்பு நின்றது. என்ன விஷம் என்று உடனே தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. கை கால் அசைகிறது, மற்றதெல்லாம் வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். ஓர் இதழுக்குப் பதில் இரண்டு முழுப் பூ போட்டிருந்ததை அத்தை யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. நாமாவது சொல்லலாமே என்று மாமா கேட்டதற்கு, "ஒரு இதழ் போட்டிருந்தா மட்டும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாளாம்.

அந்த மூட்டையை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். புது ஆள் வேறு எங்கெல்லாம் இறக்கினார் என்று விசாரித்து, பதினொரு கடைகளுக்கு அவளே போன் பண்ணி, விற்காதீர்கள் என்று சொன்னாள். ஒரு கடைக்காரர், மூக்குக்கே மூக்கு போச்சா என்று சிரித்தாராம். ஆமா, போச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாளாம்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது மாமா. அவர் எனக்குப் போன் பண்ணியதே அதுதான் முதல் தடவை. அவளுக்கு மூக்கு இல்லை என்பது அதுவரை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். இரண்டு மொழி படித்தவன். இரண்டிலும் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை, கடை வாசலில் ஒரு பை கிடந்தது. தையல்காரி வீட்டிலிருந்து வந்தது. உள்ளே அவர்கள் இதுவரை வாங்கி வைத்திருந்தவை எல்லாம் இருந்தன: மிளகு, சுக்கு, பாதி தீர்ந்த மஞ்சள் தூள். மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு பைகள். மறுநாள் எதிர்வீட்டுக்காரி ஒரு டப்பா வெந்தயத்தை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். யாரும் சண்டை போடவில்லை, கதவையும் தட்டவில்லை. வைத்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் கூப்பிட்டபோது மாமா எதுவும் பேசாமல் போனைக் கடைப் பக்கம் திருப்பிக் காட்டினார். பாதி சாத்திய கதவின் வெளிச்சத்தில் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் பொட்டலங்கள், எல்லாவற்றின்மீதும் அவளுடைய சாய்ந்த கையெழுத்து. ஒன்றைப் பிரித்தாள், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள், பிறகு மடித்து வலது பக்கம் வைத்தாள். அடுத்ததைப் பிரித்தாள். இடது பக்கம் எதுவுமே இல்லை.

என்ன செய்கிறாய் அத்தை என்று கேட்டேன்.

"எதுலயாவது வருதான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள்.