அப்பாவை எழுப்பாத மியூட்

கல்லூரி பேண்டில் எனக்குப் பழகக் கொடுத்தது டியூபா. பித்தளை வாத்தியங்களிலேயே பெரியது. மடியில் வைத்து ஊதினால் என் முகம் தெரியாது. விடுமுறை முடிந்ததும் தேர்வு, அதில் தேறினால்தான் பேண்டில் இடம் என்பதால் கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்கே அதைத் தூக்கி வந்தேன்.

அப்பா துறைமுகத்தில் இரவு வேலை, கிரேன் ஓட்டுகிறார். பகலில்தான் தூக்கம். முதல் நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத்தான் ஒரு கீழ் ஸ்வரம் பிடித்தேன். வெளியே வந்தால், அப்பா கூடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கப்பல் ஊதிவிட்டது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துவிட்டாராம். மணி காலை பத்தரை.

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கமில்லாமல் அவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார வேண்டியவர். பக்கத்து வீட்டில் உருமி அடித்தாலும் புரண்டு படுக்காதவர், இந்த ஒரு ஒலிக்கு எழுந்துவிடுகிறார். மூன்று நாள் நான் டியூபாவைத் தொடவில்லை.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்ததும் அவரே கேட்டார். "டெஸ்ட் இருக்குன்னியே, ஏன்டா ஊதல?"

வாத்தியத்தின் வாயில் செருகினால் சத்தம் குறைக்கும் மியூட் ஒன்று உண்டு, அது இல்லாமல் ஊத மாட்டேன் என்றேன். அப்பா குளித்துவிட்டு, தூங்காமல், சட்டை மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். என் படிப்புக்கென்று எது வாங்கினாலும் அவர் கூட வருவார். கொமியூட்டர் ரயிலில் டியூபா பெட்டியைப் பார்த்து ஒரு ஆன்டி, ஃபிரிட்ஜா என்று விசாரித்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியக் கடை வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். வாத்தியம் இருக்கும் இடமாம்.

கடைக்கார அக்கா இரண்டு மியூட் எடுத்து வைத்தார். ஒன்று மரத்தில் கடைந்த கூம்பு, மேடையில் வாசிப்பவர்கள் செருகுவது. என் கை நேராக அதற்குத்தான் போயிற்று. மற்றது கறுப்பாக, வாளி மாதிரி.

"மரம் சத்தத்த மாத்தும், அடக்காது லா. கறுப்பு அடக்கும். ஆனா மூச்சு முட்டும், சுருதியும் கொஞ்சம் விலகும்" என்றார் அக்கா.

எனக்கு மரத்தை விட மனமில்லை. அப்பா நாற்காலியில் சாய்ந்து, "நான் கண்ண மூடிக்கிறேன். ரெண்டையும் ஊது" என்றார். அதே கீழ் ஸ்வரத்தை மரக் கூம்போடு பிடித்தேன். அவர் கால் தரையில் செருப்பைத் தேடியது. ஊதுவதை நிறுத்தினேன்.

கறுப்பைச் செருகினேன். அக்கா சொன்னது சரி. சுவரை ஊதுவது போலிருந்தது. ஒலி டின்னுக்குள் அடைத்த மாதிரி எங்கோ முனகியது. கால் அசையவில்லை. மேலே ஏறி, கீழே இறங்கி, எல்லா ஸ்வரமும் வாசித்தேன்.

"எப்படிப்பா?"

அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பாத தம்பி. இன்னொரு தடவ ஊது" என்று அக்கா காற்றாடியை அவர் பக்கம் திருப்பினார்.

மூன்று நாளாக அடக்கி வைத்த மூச்சை எல்லாம் சேர்த்துக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தேன். அப்பா குறட்டை விட்டார்.