ஈசிஜி சாரின் வைஃபை வண்டி

என் வீட்டுக்காரருக்கு எதையாவது மூடி வைக்காவிட்டால் தூக்கம் வராது. டிவிக்குக் கவர், மிக்சிக்குக் கவர், தையல் மெஷினுக்குக் கவர். ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் கவர். எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் அமுக்கி அமுக்கி என் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். "இந்த வீட்டுல நீங்க இன்னும் கவர் போடாதது நான் ஒருத்திதான்" என்று ஒருநாள் சொன்னேன். "உன் அளவுக்குக் கிடைக்கலை" என்றார். சிரிக்கவே இல்லை. அப்படி ஒரு மனுஷன்.

பாவம், அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் ஈசிஜி அறையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் கிளம்புமுன் மெஷினைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரே ஒருநாள் மறந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து மேல்மாடிக் குழாய் கசிந்து மெஷின் நனைந்து போயிற்று. 'மூடி வைக்காத கவனக்குறைவால் சேதம்' என்று மெமோ கொடுத்தார்கள். கல்யாண நாளை மறப்பார், அந்த மெமோவை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் ஒப்பிப்பார்.

ஐம்பத்து நாலு வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பதினோராம் நாள் எழுந்து போய், கைக்கு அடக்கமான ஒரு ஈசிஜி மெஷினும் பழைய சின்னக் கார் ஒன்றும் வாங்கி வந்தார். தெரிந்த இதய டாக்டரம்மா ஒருவர் வேலை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுக்க வேண்டும். அந்தக் கோடுகள் அப்போதே டாக்டரம்மாவின் போனுக்குப் போக வேண்டும். அவர் பார்த்து, மாத்திரையா, படுக்கையா என்று சொல்லுவார். ஊரில் எல்லோருக்கும் இவர் 'ஈசிஜி சார்' ஆனார். நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதுமென்று இருந்தது.

வந்தது வினை சிக்னல் ரூபத்தில். இங்கே பாதி வீடுகள் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கின்றன. வீட்டுக்குள் போனால் போன் பேச ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். இவருடைய மெஷினோ வைஃபை இல்லாமல் எதையும் அனுப்பாது. ஒரு பெரியவரின் ஈசிஜியை அனுப்ப மொட்டை மாடி, தெருமுனை என்று நாற்பது நிமிஷம் அலைந்திருக்கிறார்.

டாக்டரம்மா போனில் பேசியது சமையலறை வரை கேட்டது. "சார், நாற்பது நிமிஷம் கழிச்சு வர்ற ரிப்போர்ட்டை வச்சு நான் என்ன பண்றது? அவருக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை, தப்பிச்சோம். ஒரு மாசம் பார்க்கறேன். சரிப்படலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து போனார். மறுபடியும் அந்தக் கூரை, அந்தப் பத்து நாள்தானா என்று நினைத்துக்கொண்டே தட்டை மூடி வைத்தேன்.

மறுநாளே வண்டிக்குள் வைஃபை வைப்பது என்று முடிவு செய்தார். செல்போன் கடைக்காரர், சிம் போடுகிற சின்னப் பெட்டி ஒன்றையும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டெனா ஒன்றையும் கொடுத்தார். முதலில் பெட்டியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்கள். வெயிலில் தோசைக்கல் மாதிரி சுட்டு அணைந்துவிட்டது. பிறகு முன் சீட்டுக்கு அடியில் இடம் பிடித்தார்கள். சார்ஜ் போடுகிற ஓட்டையில் செருகினால் சாவியை எடுத்ததும் கரண்ட் நின்றது. அதனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி ஒயர் இழுத்தார்கள். ஆன்டெனாவை வண்டியின் கூரையில் பின்பக்கமாக ஒட்டி, அதன் ஒயரைக் கதவு ரப்பருக்குள் விட்டுக் கொண்டுவந்தார்கள். வைஃபைக்குப் பெயர் 'ஈசிஜி வண்டி'. பாஸ்வேர்டு, பழைய ஆஸ்பத்திரியில் இவருடைய ஊழியர் எண். எனக்குச் சுருக்கென்றது.

வண்டியைக் கழுவி வாசலில் காயவிட்டு, அடுப்படியில் என் பக்கத்தில் நின்று சோதித்துப் பார்த்தார். "பாரு, முழுசா காட்டுது!" குழந்தை மாதிரி குதிக்காததுதான் பாக்கி.

ஆனால் வேலைக்குப் போன இடத்தில் பெட்டி காலை வாரியது. முதல் வீட்டில் போகவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு வீட்டில், அங்கேயும் போகவில்லை. சிம்மை மாற்றினார், ஒயரை மாற்றினார். கடைக்காரர் வண்டியைத் தன் கடை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு!" என்று கையை விரித்தார். இவர் பெட்டியைப் பார்க்கிற பார்வையில் அதற்கு உயிர் இருந்திருந்தால் செத்திருக்கும்.

அடுத்த நாள் நான் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் ஒரு வீட்டில் ஈசிஜி எடுக்க நிறுத்தினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இறங்கினவர், பழக்கதோஷம், டிக்கியிலிருந்து கார் கவரை உருவி முன்பக்கமாகப் போர்த்த வந்தார். பளபளவென்று உள்ளே வெள்ளி பூசின, கனமான கவர். ஐந்து நிமிஷம் நிறுத்தினாலும் அதைப் போடாமல் நகர மாட்டார்.

"ஏங்க! உள்ள ஆள் இருக்கேன், கண்ணு தெரியலையா? கண் டாக்டர்கிட்ட போக வேண்டியது நானா, நீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே கவரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "ஒரே நிமிஷத்துல போயிடுச்சு! டாக்டரம்மா பார்த்துட்டாங்க! நீ வந்த நேரம்!"

அன்றைக்கு நான் ராசிக்காரி ஆனேன். மறுநாள் "சும்மா கூட வாயேன்" என்றார். போனேன், ஈசிஜி போயிற்று. அதற்கு மறுநாளும் அப்படியே. அப்புறம் தினமும். இரண்டு வாரம் நான் ஒரு ஆன்டெனா மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று தினமும் சண்டை போட்டேன்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பெருமை பிடிபடவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. யார் வீட்டில் நாய், யாருக்கு நெஞ்சில் முடி அதிகம், ஒயர் ஒட்டாது என்று ஒரே கதை. காலையில் நான் அவருக்கு முன்னால் தயாராகிவிடுவேன்.

டாக்டரம்மா சொன்ன மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பள்ளிப் பேருந்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. சாலையிலிருந்து பதினேழு படி கீழே. உச்சி வெயில். நான் வண்டியில் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்து அவருடைய மருமகள் ஓடி வந்தாள். "ஏன்க்கா வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க? உள்ள வந்து தண்ணி குடிங்க." இறங்கிப் போனேன்.

அந்த நேரம் பார்த்து இவர் ஏதோ மறந்ததை எடுக்க வண்டிக்குப் போய் வந்திருக்கிறார். நான் அடுப்படியில் இருந்ததால் கவனிக்கவில்லை.

தண்ணீரை வாயில் வைத்தேன், உள்ளறையிலிருந்து இவர் குரல். வழக்கமான சத்தம் இல்லாத குரல். இருபத்தாறு வருஷம் கோடு பார்த்த கண், மாரடைப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். டிரைவர் முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் நனைந்து கிடந்தார். மெஷினில் 'அனுப்புகிறது' என்று காட்டும் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"போக மாட்டேங்குது. நீ ஏன் இறங்கின?" என்றார் என்னிடம். "போ! போய் வண்டியில உட்காரு!"

இதெல்லாம் என்ன பேச்சு என்று கேட்கத் தோன்றவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினேழு படியும் ஓடினேன். மேலே போனால் வண்டிக்குக் கவர் போட்டிருக்கிறது. ஆன்டெனா இருந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்பு. திட்டிக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கதவைத் திறக்கப் போனேன். பூட்டியிருந்தது. சாவி அவர் பையில். 

கீழேயிருந்து கத்தினார். "போயிடுச்சு! போயிடுச்சு! அங்கேயே உட்கார்ந்திரு!"

நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கை நிறையக் கவர்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. டாக்டரம்மா உடனே போன் பண்ணினார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், பையில் இருக்கிற மாத்திரையை மென்று தின்னக் கொடுத்துக் கையோடு கூட்டி வாருங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வந்து பின் சீட்டில் ஏற்றினார்கள். மருமகள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், டிரைவரின் தலை என் தோளில், மெஷின் என் மடியில். இவர் ஓட்டிக்கொண்டே "இப்ப பச்சையை அமுக்கு" என்பார், அமுக்குவேன். ஓடுகிற வண்டியிலிருந்து மூன்று தடவை கோடு போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா வாசலில் தயாராக நின்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "பிழைச்சுட்டார். அரை மணி தாமதமாகியிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்." இவரைப் பார்த்து, "நாளைக்கு மூணு வீடு இருக்கு சார்" என்றார். வேறு ஆள் பேச்சே எடுக்கவில்லை.

வண்டிக்கு வந்தோம். இவர் டிக்கியைத் திறந்து கவரைக் கையில் எடுத்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். நீ இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும், சொல்லு!"

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அந்த முன் சீட்டை விட எனக்கு மனசில்லை. ஆனால் டிரைவரின் தலையின் பாரம் இன்னும் என் தோளில் இருந்தது.

"என் ராசியும் இல்லை, ஒண்ணும் இல்லை. வண்டி பூட்டியிருந்தது, நான் உள்ள ஏறவே இல்லைங்க. கவரை எடுத்தேன், போயிடுச்சு. நான் உள்ள இருந்தா நீங்க கவர் போட மாட்டீங்க, அவ்வளவுதான் விஷயம்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு கவரைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். பிறகு நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்த ரெண்டு வீட்டுலயும்... இன்னைக்கும்... நானே என் கையால மூடியிருக்கேன்." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தேன். டீக்குப் போகவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் வாசலில் இருந்தார். நான் போட்டது போட்டபடி கிடந்த பாத்திரங்களை எடுத்துப்போட்டுக் கழுவ உட்கார்ந்தேன். ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது. ஈரக் கையோடு வெளியே போனேன்.

"என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா?"

"நீ வரலையா?"

"நான் எதுக்கு? கவர் போடாம இருந்தாப் போதுமே."

முன் கதவைத் திறந்துவிட்டார். அந்த வெள்ளிக் கவரை வெட்டியிருந்தார். என் தையல் கத்தரிக்கோலால் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, என் பக்கத்துக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு திரை போட்டிருந்தார்.

"உன் பக்கம்தானே வெயில் அடிக்குது" என்றார். "சிக்னலுக்கு ஒண்ணும் ஆகலை. சோதிச்சுப் பார்த்துட்டேன்."