இடதுபக்க மூன்றாவது பில்லர்

அப்பா பரமசிவம் ஓசூர் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்மாவோடு சாத்தூருக்குத் திரும்பிய வருஷம் 2005. சுப்ரியா மத்திகிரி வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதற்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து போயிருந்தார்கள். பெண் கம்ப்யூட்டரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று இருவருமே கேட்டார்கள். “ஏதோ கட்டம் போடுறா” என்றார் அப்பா.

அவர் சொன்னதில் தப்பில்லை. பாகலூர் சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய ஆபீஸ். பம்பு, இருக்கைச் சட்டம், வண்டி அச்சு என்று ஏதாவது ஒன்றின் வரைபடம் கம்ப்யூட்டரில் வரும். அந்த உருவத்தை முழுக்கப் பல்லாயிரம் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, வலை போர்த்தியதுபோல் ஆக்குவதுதான் வேலை. மெஷ் போடுவது என்பார்கள். பாரம் ஏறினால் எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்பதை இந்தச் சதுரங்களை வைத்துத்தான் கணக்கிட முடியும். அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் புனேயில் இருந்தார்கள். முடித்த ஃபைல் அங்கே போகும். அந்தப் பொருள் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் இவளுக்குச் சொன்னதில்லை.

ஆபீஸில் பன்னிரண்டு பேர். எல்லோர் காதிலும் ஹெட்போன். சுப்ரியாவும் மாட்டிக்கொள்வாள், பாட்டு எதுவும் ஓடாது. மாட்டாவிட்டால், தன்னிடம் யாரும் பேசுவதில்லை என்பது அவளுக்கே தெரிந்துவிடும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், திங்கள் காலை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான் வாய் திறப்பாள். சில திங்கள்கிழமைகளில் முதல் வார்த்தை கரகரத்துப் பாதியிலேயே நின்றுவிடும்.

2007 மே மாதம் ஒரு பஸ்ஸின் கூண்டு வந்தது. வண்டி கவிழ்ந்தால் கூரை எவ்வளவு நசுங்கும் என்று பார்ப்பதற்கு. பஸ் கட்டுவதும் ஓசூரிலேயே ஒரு ஷெட்டில்தான். ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் இரும்புத் தூண்களைப் பில்லர் என்பார்கள். ஒவ்வொரு பில்லரும் மேலே கூரைச் சட்டத்தோடு சேர வேண்டும். சதுரங்கள் ஒட்டாத இடத்தைத் திரை சிவப்புக் கோடாகக் காட்டும். இடதுபக்க மூன்றாவது பில்லரின் தலையில் சிவப்பு அகலமாகத் தெரிந்தது. அளந்து பார்த்தாள். மற்ற இடங்களில் ஒரு மில்லிமீட்டர் இருந்த இடைவெளி இங்கே நான்கு. அவசர வழிக் கதவுக்காக அந்தப் பில்லரைத் தனியாக வரைந்திருந்தார்கள். அதில் தூணுக்கான இரும்புப் பைப்பின் நீளம் குறைந்துபோயிருந்தது.

ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளியை இழுத்து ஒட்டிவிடலாம் என்பது விதி. ஒட்டினாள். சிவப்பு மறைந்தது. ஃபைல் புனேக்குப் போயிற்று, கூரை தாங்கும் என்று கணக்கு வந்தது. ஆனால் நிஜ பஸ்ஸில் அந்த இடைவெளியை யார் ஒட்டுவார்கள் என்ற கேள்வி அவளை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த ஷெட்டுக்குப் போனாள். ஐடி கார்டைப் பார்த்து வாட்ச்மேன் உள்ளே விட்டார். மூன்றாவது பில்லர் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர் ஆஞ்சப்பன், பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், ஐம்பது வயது வெல்டர். தயங்கித் தயங்கி அந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறிக் காட்டினார்.

“இங்க பைப்பு எப்பவும் பத்தாதும்மா. ராடு துண்டு வெச்சு ரொப்பி, மேல வெல்டிங் ஓட்டிருவோம். பெயிண்ட் அடிச்சா தெரியாது.”

“கவுந்தா தாங்குமாண்ணா?”

கட்டைவிரலால் அந்த வெல்டிங்கை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

திங்கள்கிழமை அவள் மேனேஜர் ஜெகதீஷிடம் விஷயத்தைச் சொன்னாள். வந்த வரைபடத்துக்கு மெஷ் போட்டாயிற்று, அதற்கு மேல் நமக்கு வேலையில்லை என்றார். அவள் சீட்டுக்கு வந்து, பஸ் கம்பெனியின் டிசைன் பிரிவுக்குத் தன் பெயரிலேயே மெயில் எழுதினாள். பதில் வரவில்லை. அவளைத் தாண்டி ஜெகதீஷுக்குத்தான் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

“நம்ம வேலை மெஷ் போடுறது சுப்ரியா. பஸ் கட்டுறது இல்ல” என்றார். கத்தவில்லை. பஸ் வேலையிலிருந்து அவளை எடுத்து, பம்பு மூடிகளைக் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் தானே மெஷ் விழும் வேலை. எட்டு மாதம் அதையே செய்தாள். அந்த மாதங்களில் ஊருக்குப் போய்விடலாமா என்று பலமுறை நினைத்தாள். போய் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள்.

அடுத்த ஜனவரியில் ஒருநாள், பக்கத்து சீட் லாவண்யாவின் திரையில் அதே பஸ் நின்றது. மூன்றாவது பில்லர் நீண்டு கூரைச் சட்டத்தைத் தொட்டிருந்தது. மூலையில் முக்கோணத் தகடு ஒன்றும் புதிதாக. சுப்ரியா எழுந்து பின்னால் போய் நின்றாள்.

“என்னக்கா?” என்றாள் லாவண்யா, ஒரு காதிலிருந்து ஹெட்போனை இறக்கி.

“ஒண்ணுமில்ல” என்றாள். தன் மெயிலை யாரோ மதித்துத் திருத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் புரியக்கூடிய ஆள் ஒருவர்தான்.

சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனாள். ஆஞ்சப்பன் உடனே அடையாளம் கண்டுகொண்டார். மெயில் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. வேறொன்று சொன்னார்.

“நீ கேட்டுட்டுப் போனியே, அதுக்கு மக்கா நாளே கட்டிங்ல சொல்லி அந்தப் பைப்ப மட்டும் நீளமா வெட்ட வெச்சேன். மூலைக்கு ஒரு தகடும் போட்டேன். ஆறு மாசம் கழிச்சு டிசைன்காரங்க வந்து பாத்து, ஏன் இப்பிடின்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு கேட்டுச்சு, பதில் சொல்ல முடியல, அதான்னேன். அளந்து எழுதிட்டுப் போனாங்க.”

திருத்தம் அவள் மெயிலால் வந்ததில்லை. அவள் கேட்ட மறுநாளிலிருந்தே பஸ்கள் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்த எட்டு மாதமும் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

“உங்க ஆபீஸ்ல சந்தோஷப்பட்டிருப்பாங்களே?” என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

“ம்” என்றாள்.

யாரோ கன்னடத்தில் கூப்பிட, அவர் போய்விட்டார். சுப்ரியா அங்கேயே நின்றாள். வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பார்த்தாயிற்று என்று சொல்லி வெளியே வந்தாள். அந்த ஆபீஸில் அவள் இன்னும் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். அந்த பஸ் பற்றி அங்கே யாரிடமும் பேசவில்லை.