நாலு, அஞ்சு, ஆறு

"மூணும் ஒரே கலர் வச்சும் தோத்துட்டம்மா. அடுத்தடுத்த நம்பர் மூணும் வந்தா, கலரை விட அதுதான் பெருசு" என்று மகன் சீட்டுகளை வாரிக்கொண்டான். இல்லவே இல்லை என்று சண்டை பிடித்தேன். போனில் ஆட்ட விதியை எடுத்துக் காட்டினான். அதிலும் அப்படித்தான் இருந்தது.

எழுபதுகளில் மேகமலை எஸ்டேட்டில் இருந்தோம். அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கச் சின்னமனூருக்குத்தான் இறங்க வேண்டும். ஒரு வருஷம் தவறியதால் அண்ணனும் என்னோடுதான் அஞ்சாவது முடித்தான். ஒருவரைத்தான் அனுப்ப முடியும், அது அண்ணன்தான் என்றுவிட்டார் அப்பா. நான் அழுதுகொண்டே கிடந்தேன்.

தகரத்தில் மழை அடித்த ஒரு மத்தியானம், லாரிக்காரர்கள் விட்டுப்போன நமுத்த சீட்டுக்கட்டோடு அண்ணன் வந்தான்.

"ஆளுக்கு மூணு சீட்டுப் போடுவோம் புள்ள. பெருசு வந்தவுக பள்ளிக்கூடம் போகட்டும். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எது பெரிது என்றே எனக்குத் தெரியாது. லாரிக்காரர்கள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவன் அவன். எனக்கு மூன்றும் ஆர்ட்டின், ஒரே கலர். அவனுக்கு நாலு, அஞ்சு, ஆறு, வேறு வேறு ஜாதியில். என் சீட்டையும் தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒனக்குத்தான் பெருசு. கலருக்கு முன்னால எதுவும் நிக்காது" என்றான்.

நான் டீச்சரானேன். அவன் கடைசிவரை எஸ்டேட்டில் மூட்டை தூக்கினான். ஏலக்காய்ப் பொட்டலத்தோடு வருஷா வருஷம் என்னைப் பார்க்க வருவான்.

"அன்னைக்கு ஒனக்குச் சீட்டு ராசியில்லண்ணே" என்பேன்.

"ஆமா புள்ள" என்று சிரிப்பான்.

இரண்டு வருஷம் முந்தி, ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவனிடமும் அதைத்தான் சொன்னேன். அப்போதும் சிரித்தான்.

மகன் மறுபடி மூன்று சீட்டுப் போட்டான். எனக்குக் கை எழவில்லை.