பூனைக்காகக் கழற்றிய காப்பு

என் கணவர் கொழும்பு புறக்கோட்டையில் குடையும் பயணப் பையும் மொத்தமாக விற்கிறவர். முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியதில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, ஒரு பொருளை வாங்கப் போகிற மனிதர் எப்படித் தோன்ற வேண்டும் என்பது. இருப்பதிலேயே பழைய சேர்ட்டைப் போட வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். காரை இரண்டு ஒழுங்கை தள்ளி நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நடந்து வர வேண்டும். எவ்வளவு கொடுக்க நினைத்திருக்கிறோமோ அவ்வளவு காசுதான் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வங்கி அட்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. கூடப் போகும் மனைவியின் கையில் காப்பு இருக்கவே கூடாது. மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போனபோது, சமையல் வேலை கேட்டு வந்தவர்களா என்று மண்டபக்காரர் எங்களைக் கேட்டார். என் கணவருக்கு அன்று முழுக்க அதில் அத்தனை சந்தோஷம்.

எங்கள் பூனை மூன்று வருடத்துக்கு முன் கடையின் பின்னறையில், குடை வந்த பெட்டி ஒன்றுக்குள் கிடைத்தது. தாயைக் காணவில்லை. எலி பிடிக்கும் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நான்காம் மாடி. லிப்டில் ஏறி வருகிற எலியை நான் இன்னும் கண்டதில்லை. அதனால் அது விளையாட ரப்பர் எலி வாங்கி வந்தார், மொத்த விலையில், ஒரு டசின். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் அவரை 'முதலாளி' என்பார்கள். வீட்டில் அவர் பூனையை 'முதலாளி' என்பார். மகள் மெல்பேர்ணுக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் அன்றைய வியாபாரம் முழுவதும் பூனைக்குத்தான் சொல்லப்படும். எனக்கு ஏதும் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பேன்.

வருடாவருடம் தடுப்பூசிக்கு அதைக் கொண்டுபோவது நான். கணவர் கூட வராததால் மனுசரைப் போல உடுத்துக்கொண்டு, ஆறு காப்பும் போட்டுக்கொண்டு போவேன். பெருந்தெருவான காலி வீதிக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மிருக வைத்திய நிலையம். டொக்டர் ஒரு சிங்களப் பெண். என் மகளின் வயதுதான் இருக்கும். போன முறை என் காப்புகளைப் பார்த்து, தன் அம்மாவிடமும் இப்படி ஒரு சோடி இருந்தது என்றார். 'இருந்தது' என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூனை தன் மண் தட்டில் போய்க் குந்தியது. ஒரு சொட்டும் வரவில்லை. எழுந்து சுற்றிவந்து மறுபடி குந்தியது. குழந்தை அழுவது போல ஒரு சத்தம் போட்டது. டொக்டருக்கு அழைத்தேன். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை இப்படி அடைத்துக்கொள்வதுண்டு, ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடும், உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

"எவ்வளவு வருமாம்?" என்றார் கணவர்.

"கேக்கேல்லை."

"கேக்காமலோ போனை வச்சனீர்?" என்று கொஞ்சம் யோசித்தார். "முப்பதாயிரம். அதுக்கு மேல எண்டா யோசிக்கத்தான் வேணும். பூனைதானே."

பூனைதானே என்றவரின் கை அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதம்தான் என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அவர் மூன்று ஆஸ்பத்திரிகளில் விலை கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, நாட்காட்டியோடு குத்தி வைத்திருந்தார்.

"அப்ப என்ர கண்ணுக்கு எவ்வளவில நிப்பாட்டுவீங்கள்?" என்று கேட்டேன்.

"உமக்கு இன்சூரன்ஸ் இருக்கு," என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குள் அவர் பழைய சேர்ட்டுக்கு மாறியிருந்தார். மோதிரம் மேசையில் கிடந்தது. "காப்பைக் கழட்டும்," என்றார்.

"டொக்டரிட்டப் போறதுக்குமா?"

"டொக்டரும் விலை சொல்லுற ஆள்தானே."

பூனை மறுபடி கத்தியது. சண்டை பிடிக்க நேரமில்லை. ஆறையும் கழற்றி அலுமாரியில் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினேன். வழக்கம்போல வைத்திய நிலையத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியே காரை நிறுத்தினார். கத்துகிற பூனையோடு வெயிலில் நடந்தோம்.

டொக்டர் பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மயக்கி, குழாய் போட்டு அடைப்பை எடுக்க வேண்டும், இரத்தம் சோதிக்க வேண்டும், மூன்று நாள் சேலைன் ஏற்றி இங்கேயே வைத்திருக்க வேண்டும், எல்லாமாக அறுபத்தையாயிரம் என்றார். என் கணவர் அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். இது முதல் கட்டம். பிறகு சட்டைப் பையிலிருந்த முப்பதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்து, தன்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். இது இரண்டாம் கட்டம். டொக்டர் அந்தக் காசைத் தொடவில்லை. மூன்றாம் கட்டமாக என் கணவர் எழுந்து கதவை நோக்கி நடந்தார். புறக்கோட்டையில் மூன்றாம் அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து 'ஐயா, வாங்கோ' என்று குரல் வந்துவிடும். இங்கே மூன்று அடி வைத்தார், நாலு வைத்தார், கதவின் பிடியையும் பிடித்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தார்.

டொக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. என் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது போதும், பூனையை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

திரும்பும் வழியில் என் கணவரைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தீரே? அரைவாசிக்கு மேல குறைச்சாச்சு. எந்தத் தொழிலெண்டாலும் ஒரே சூத்திரம்தான்." பூனை பிழைக்கும் என்ற நிம்மதியில், அந்த ஆள் கெட்டிக்காரர்தான் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. இதை அவருக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கூட்டிவரப் போனோம். எங்களுக்கு முன்னால் ஓர் ஓட்டோச் சாரதி, காலில் கட்டுப் போட்ட நாயோடு நின்றார். தன் பணத்தைக் கட்டி முடித்ததும், மிச்சக் காசில் நூறு ரூபாயை மேசையிலிருந்த ஒரு மரப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். அதன் மேல் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது: 'வசதியற்றவர்களின் பிராணிகளுக்காக.'

வரவேற்பு மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை எங்கள் பில்லைத் தந்தாள். மொத்தம் அறுபத்தையாயிரம். நீங்கள் தந்தது முப்பதாயிரம். பெட்டியிலிருந்து முப்பத்தையாயிரம். என் கணவர் அதை மூன்று தரம் வாசித்தார்.

"இது என்ன பிள்ளை?"

"அது ஒண்டும் பிரச்சினையில்லை அங்கிள்," என்று அவள் குரலைத் தணித்தாள். "அன்ரியின்ர காப்பெல்லாம் அடைவு வச்சிட்டீங்கள் போல எண்டு டொக்டர் சொன்னவ. போன முறை போட்டிருந்தவவாம். டொக்டரின்ர அம்மாவும் நெருக்கடி நேரம் காப்பை அடகு வச்சவ, திருப்பேலாமப் போச்சுது. அதாலதான் பெட்டியிலயிருந்து எடுக்கச் சொன்னவ. வெக்கப்படாதேங்கோ."

என் கணவரின் பெயர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில் அன்னதானப் பலகைகளில் இருக்கிறது. அந்த மனிதரின் பூனைக்கு அந்த ஓட்டோக்காரரைப் போன்றவர்கள் போட்ட நூறு ரூபாய்கள் மருந்து வாங்கியிருக்கின்றன. அவர் காது சிவந்துவிட்டது. அந்த இடத்திலேயே பெட்டிக்குள் காசைப் போட்டிருக்கலாம். ஆனால் சூத்திரப்படி சட்டைப் பை காலி, அட்டையும் வீட்டில்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்: "பெட்டிக்குள்ள அந்தக் காசு போன பிறகுதான் நான் காப்புப் போடுவன்."

நாளைக்குப் போவேன் என்றார். நாளைக்கு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு என்றார். ஞாயிற்றுக்கிழமை மழை, குடை விற்கிறவருக்கு வெளியே போக முடியாத மழை. விலை குறைக்க ஒருநாளும் கூசாத மனிதர், உண்மையைச் சொல்லிக் காசு கொடுக்க அப்படிக் கூசினார். பத்து நாள் போயிற்று. என் கை வெறுமையாகவே இருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் பூனைக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. கடைக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் புறக்கோட்டையிலிருந்து கடைத் தூசியோடு வந்து சேர்ந்தபோது பூனை மேசையில் படுத்திருந்தது. கத்தக்கூட இல்லை.

இனிக் குழாய் போட்டுப் பயனில்லை, பாதையை அகலமாக்க ஒப்பரேஷன் செய்ய வேண்டும், ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஆகும் என்றார் டொக்டர். சொல்லிவிட்டு என் வெறும் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நீங்கள் இதுவரை செய்ததே பெரிது. இனியும் கடன்பட வேண்டாம். விரும்பினால் நோவில்லாமல் தூங்க வைத்துவிடுகிறேன். அதற்கு நான் ஒரு சதமும் வாங்க மாட்டேன்.

அவ்வளவு கருணையோடு யாரும் என்னிடம் பேசியதில்லை. அவ்வளவு வெட்கமும் எனக்கு வந்ததில்லை. நாங்கள் கழற்றி வைத்த காப்பு இப்போது பூனையின் உயிருக்கு வந்து நிற்கிறது. நான் கணவரைப் பார்த்தேன்.

அவர் முகட்டைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கமும் போகவில்லை. பூனையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீயக் உனத் கமக் நே," என்றார் சிங்களத்தில். எவ்வளவானாலும் பரவாயில்லை. எந்த மொழியிலும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

டொக்டர் நம்பவில்லை. "ஐயா, வட்டிக்கு எடுக்காதீர்கள்," என்றார்.

அப்போதுதான் என் கணவர் உடைந்துபோனார். தனக்குப் புறக்கோட்டையில் கடை இருக்கிறது, கார் இருக்கிறது, மனைவியின் ஆறு காப்பும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, அன்றைக்கு விலை குறைக்கத்தான் அப்படி வந்தோம் என்று சிங்களமும் தமிழுமாகக் கொட்டினார். சொல்லச் சொல்லக் கண்ணால் நீர் ஓடியது. டொக்டர் என் கையை விட்டார். அவர் முகம் இறுகியது. நன்றாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முதலில் பூனை," என்றார். பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒப்பரேஷன் முடிய இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் என் கணவர் காலி வீதிக்கு ஓடி வங்கி இயந்திரத்தில் காசு எடுத்து வந்து பெட்டியின் முன் நின்றார். அதன் வாய் சில்லறைக்கும் சின்னத் தாளுக்கும் வெட்டியது. ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக மடித்து, விரலால் தள்ளித் தள்ளிப் போட்டார். காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏழாவது தாளுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளி பிழைத்துக்கொண்டது. இப்போது அதற்குத் தனிச் சாப்பாடு. எங்கள் இருவரின் சாப்பாட்டையும் விட விலை கூட. அதைப் பெட்டி கணக்கில் வாங்கினால் குறையுமா என்று மட்டும் அவர் விசாரித்திருக்கிறார். பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

போன மாதம் என் கண்ணுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை நான் பழைய சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நின்றார். வெள்ளைச் சேர்ட். கையில் மோதிரம். நாட்காட்டியில் இருந்த துண்டுக் கடதாசியைக் காணவில்லை. ஆறு காப்பையும் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக என் கையில் போட்டுவிட்டார். காரை ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய், ஓரமாக நிறுத்துங்கள் என்று காவல்காரர் சத்தம் போடும்வரை நிறுத்தினார்.

உள்ளே தாதி என்னைக் கட்டிலில் இருத்தி, "அம்மா, ஒப்பரேஷனுக்கு முதல் நகையெல்லாம் கழட்டோணும்," என்றார்.

"கழட்டலாம் மிஸ்," என்று என் கணவர் இடையில் வந்தார். "ஆனா டொக்டர் வந்து ஒருக்காப் பாத்தாப் பிறகு கழட்டுறமே."