தைப்பூசத்தன்று பிடித்த சிவந்த நிலவு

இதை எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அதோடு, நடந்ததில் என் மடத்தனமும் இருக்கிறது. ஆனாலும் முருகன் தந்த சந்தோஷத்தை மறைத்து வைப்பது சரியில்லை என்று பட்டது.

அந்த வருடம் தைப்பூசத்தன்று மாலையே சந்திரகிரகணம். கோயிலை நேரத்தோடு சாத்திவிட்டார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம், தலைப்பிள்ளை. கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் அறையைவிட்டு வெளியே வராதது எங்கள் வழக்கம். அவளோ சின்ன வயதிலிருந்தே வானம் பார்க்கிற பிள்ளை. நிலா சிவக்கப்போகிறது என்று பேப்பரில் வாசித்த நாளிலிருந்து முகம் வாடியிருந்தாள்.

"படத்திலையாவது பாக்கலாமோ அப்பா?"

கோயில் ஐயரைக் கேட்டேன். "கிரகணம் விட்டு, தலைமுழுகின பிறகு காட்டுங்கோ. தோஷமில்லை" என்றார்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய போன். கீழ்வீட்டு முஸ்லிம் நானா, தான் கப்பல் பார்க்கிற பைனாக்குலரைத் தந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் அதை நான் உடுத்துக் கழித்த பழைய சாரத்தால் கட்டி, கடலைப் பார்த்தபடி காத்திருந்தேன். பள்ளிவாசலுக்குக் கிரகணத் தொழுகைக்குப் புறப்பட்ட நானா, எட்டிப்பார்க்க மேலே வந்தார்.

"என்ன, கடலப் பாத்துட்டு நிக்கிறீங்க? நெலா கெழக்கால, காலி ரோட் பக்கமாத்தானே வரும்!"

"சூரியன் விழுறதைப் பாத்தே பழகிட்டுது நானா."

சிரித்துக்கொண்டே அவரே அவிழ்த்து மறுபக்கம் கட்டித் தந்துவிட்டுப் போனார்.

ஏழு மணியைப் போல, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அது ஏறி வந்தது. கழுவாத செப்புக்குடத்தின் நிறம். "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். போனைப் பைனாக்குலரோடு ஒட்டிப்பிடித்து, மூச்சை அடக்கி நாற்பது படம் எடுத்தேன். பாதி வெறும் கறுப்பு. மீதி ஆட்டத்தில் இழுபட்டுப் போனது. ஒன்றே ஒன்று வட்டமாக, சிவப்பாக, தெளிவாக விழுந்திருந்தது.

கிரகணம் விட்டதும் நானும் மனைவியும் தலைமுழுகினோம். அப்போதுதான் யோசனை வந்தது: என்னைவிடக் கிட்டவாக நின்று கிரகணத்தைப் பார்த்தது போன் அல்லவா? அதை முழுக வாக்காமல் எப்படிப் பிள்ளைத்தாச்சியிடம் கொண்டுபோவது? மனைவி அதன்மேல் மஞ்சள்தண்ணீர் தெளித்தாள். எனக்கு மனம் ஆறவில்லை. வாளிக்குள் ஒருதரம் முக்கி எடுத்தேன்.

திரை மின்னி இருண்டது.

"ஐயோ, என்னப்பா செய்தனீங்கள்? நான் தெளிச்சது காணாதோ?" என்று மனைவி கத்தினாள்.

"என்னம்மா?" அறைக்குள்ளிருந்து மகள்.

"கொப்பர் போனை முழுக வாத்திட்டார்!"

அழப்போகிறாள் என்று பயந்தேன். கதவைத் திறந்து வந்தவள், என் கையில் நீர் சொட்டுகிற போனைப் பார்த்தாள். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள்! நாங்களும் சிரித்தோம். ஆனால் படம் போய்விட்டதே என்று எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

மூன்று நாள் போனை அரிசிப் பானைக்குள் வைத்தோம். சுவாமிக்கு விளக்கேற்றும்போது பானைப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டேன். நாலாம் நாள் போன் உயிர்த்தது. படமும் இருந்தது.

மகள் அதை முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். "சிவத்த மைசூர்ப் பருப்பு மாதிரிக் கிடக்கு அப்பா. என்ன வடிவு!"

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றையும் மாற்றவேண்டாம். போனை முக்கியது மனைவி என்றும், படம் அழிந்துபோனது என்றும் எங்கள் சொந்தக்காரர் கதைக்கிறார்கள். முக்கியது நான். படம் அழியவில்லை. என் பிள்ளை அந்தச் சிவந்த நிலவைப் பார்த்தாள்.