நாக்கை நீட்டு

சாரல் சீசன் வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி உண்டு. புலியருவியில் குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். யார் உதடு அதிகமாக நீலம் பாய்ந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு முதல் மிளகாய் பஜ்ஜி. நீதிபதி என் மதினி, கணவரின் அக்கா. மூன்று வயதில் என் மகள் தண்ணீரில் இறங்காமலேயே அந்தப் போட்டியில் ஜெயித்தாள். என் இடுப்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தவளைப் பார்த்து மதினி, "ஏ யம்மா, இவ உதட்டப் பாருங்க! நாவப்பழம் தின்ன மாதிரில்லா இருக்கு!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவளுக்கு நாவப்பழம் என்றே பேர்.

தென்காசியில் ஆடி மாதத்து நீல உதட்டை யார் சந்தேகப்படுவார்கள்? சாரல் விழுகிறது, காற்று அடிக்கிறது, பிள்ளைக்குக் குளிர்கிறது, ஒரு ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது. நான் இரண்டு போட்டேன்.

சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மத்தியானம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. தெருவில் பூனைக்குட்டியைத் துரத்தி ஓடியவள் பாதியில் நின்று குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். முழங்காலை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு மட்டும் அதே நாவப்பழம். வேர்க்கிற பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது குளிர்?

"எதுக்கெடுத்தாலும் பதறுத. நேத்து வரைக்கும் சாரல்லதான கெடந்தா" என்றார் கணவர். சொல்லிக்கொண்டே பைக்கையும் எடுத்தார்.

குழந்தைகள் டாக்டரம்மா அவள் விரலில் ஆக்ஸிஜன் அளக்கிற கருவியை மாட்டி எண்ணைப் பார்த்தார். கழற்றினார். அவள் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் மாட்டினார். "சாரல்ல ஆடுனா டாக்டர், அந்தக் குளிர்தான்" என்று நானே முந்திக்கொண்டேன். அவர் மகள் பக்கம் குனிந்தார்.

"நாக்கை நீட்டுடா கண்ணு."

நீட்டினாள். நாக்கும் நீலம்.

"குளிர்ல உதடு நீலமாகும், விரல் நீலமாகும். நாக்கு ஆகாதும்மா" என்றார். பிறகு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் பயந்ததையே எக்கோ ஸ்கேனும் சொன்னது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகல். குத்தவைத்தால் அந்த வழியே கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகுமாம். யாரும் சொல்லித் தராமல் என் பிள்ளை அதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் அழ விடாதீங்க. அழுதா நீலம் கூடும். மூச்சு திணறுனா முழங்காலை மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு உடனே ஓடி வாங்க."

மூன்று வயதுப் பிள்ளையை அழவிடாமல் வளர்த்துப் பாருங்கள், தெரியும். தலை சீவக்கூட எனக்குப் பயம். கேட்டதெல்லாம் கொடுத்தோம். பொழுதுக்கும் "நாக்கை நீட்டு, நாக்கை நீட்டு" என்று அவளைப் பாடாய்ப்படுத்தினேன்.

ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் கிளம்பிய அன்று மாநில எல்லையில், புளியறை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். மகள் திடுக்கிட்டு வீறிட்டாள், உதடு கறுத்தது. நான் காரிலிருந்து இறங்கி நடுரோட்டில் நின்று, "ஏலே, நிறுத்துலே! பிள்ள செத்துரும்லே!" என்று கத்தினேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை நானே பொத்திக்கொண்டேன். ஹாரன் நின்றது. காருக்குள் கணவர் அவளை மடக்கி நெஞ்சோடு அணைத்தபடி நாய் மாதிரி குரைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

பிள்ளை பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு சீசன்களை நான் அவளை ஜன்னலோரம் வைத்தே கழித்தேன். இந்த வருஷம் செக்கப்பில், "எல்லாப் பிள்ளைகளையும் மாதிரி விடுங்கம்மா, அருவிக்கும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசே இல்லை. "நான் பக்கத்துல நிக்கேம்லா" என்று மதினிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

குளித்துவிட்டுப் பிள்ளைகள் பழையபடி வரிசையில் நின்றார்கள். என் மகளும் நின்றாள், நெஞ்சில் நீளத் தழும்போடு. உதடு நீலம். மதினி பஜ்ஜிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டாள். துண்டோடு அவள் முன்னால் போய் நின்றேன். நான் கேட்கும் முன்பே, பழகிப்போனவள், தானாகவே நாக்கை நீட்டினாள்.

செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஏம்மா அழுத? நான்தான ஜெயிச்சேன்?" என்றாள், பல் கிட்டிக்க.

"இல்லட்டி, ஒனக்கு நீலம் பத்தாது" என்றேன். "போ, போயி இன்னொருக்கா நனஞ்சுட்டு வா."